கேளுங்க அக்கா: நிதி கேட்டு எழுதறவங்களுக்கு

போன இதழ்ல "டிரஸ்ட், சங்கம் நடத்தறவங்க ப்ரொபோசல் எழுதறதுல சந்தேகம் இருந்தா அனுப்புங்க"ன்னு ரெண்டு வரி போட்டிருந்தோம், வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல நம்ம சேலம், ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர் பக்கம்தான். ஒரே கேள்விய நாலு பேரு கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன், ஆளு பேரு டிரஸ்ட் பேரு எல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், வருமான வரிக்கு 2025-ல புதுச் சட்டம் போட்டு 2026 ஏப்ரல் 1-ல இருந்து அது நடைமுறை, பிரிவு நம்பரெல்லாம் அதுல வேற. ஆனா ஆடிட்டர்ல இருந்து கம்பெனிக்காரங்க வரைக்கும் இன்னும் 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை)ன்னுதான் பேசறாங்க, நானும் அப்படியே எழுதறேன்.

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க ஏற்காட்டுக்கு மேல ஒரு மலைக்கிராமம். படிச்ச பசங்க அஞ்சு பேரு சேர்ந்து ரெண்டு வருஷம் முன்னாடி டிரஸ்ட் ரிஜிஸ்டர் பண்ணி மாலை நேர வகுப்பு நடத்தறோம். மூணு ஊர்ல நடக்குது, மொத்தம் 60 பிள்ளைங்க. இதுவரைக்கும் எங்க கைக்காசு, அப்புறம் ரெண்டு எஸ்டேட்காரங்க குடுத்தது, போன வருஷ மொத்த வரவே 1,80,000 ரூபாய்தான். இப்ப ஒரு கம்பெனிகிட்ட சிஎஸ்ஆர்ல (கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்க சமூக வேலைக்கு செலவு பண்றது) 25 லட்சம் கேட்டு 32 பக்கம் எழுதியிருக்கோம், நெட்ல கிடைச்ச மாடல வச்சு. கூட இணைச்சிருக்கேன், பாத்து சொல்லுங்க. காப்பிப் பழம் எடுக்கற சீசன் வந்தா பிள்ளைங்க பாதி பேரு வர்றதில்ல, வீட்ல சின்னதுங்கள பாத்துக்கணும், அதுக்குள்ள பணம் வந்துட்டா நல்லாருக்கும்.
- நாகலூர் பக்கத்து வாசகர்

பதில்: தம்பி, 32 பக்கமும் உக்காந்து படிச்சேன், உழைப்பு தெரியுது. ஆனா இத அந்த கம்பெனிக்கு இப்ப அனுப்பாதீங்க. எழுத்து நல்லாருக்கா இல்லையாங்கறது அப்புறம், சட்டமே இடிக்குது. கம்பெனி தான் ஆரம்பிச்ச டிரஸ்ட்ட விட்டுட்டு உங்கள மாதிரி வெளி அமைப்பு மூலமா சிஎஸ்ஆர் வேலை பண்ணணும்னா அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி ரெண்டும் இருக்கணும், அதே மாதிரி வேலையில குறைஞ்சது 3 வருஷம் அனுபவம் இருக்கணும், கம்பெனிகள் விவகார அமைச்சகத்துல சிஎஸ்ஆர்-1 பாரம் போட்டு ஒரு பதிவு நம்பர் வாங்கியிருக்கணும். உங்களுக்கு ரெண்டு வருஷம்தான் ஆகுது. அந்த மேனேஜருக்கே உங்க மேல பிரியம் வந்தாலும் குடுக்க வழியில்ல.

அதுக்காக ஒரு வருஷம் கைய கட்டிட்டு உக்கார வேண்டாம். சேலத்துல பத்து இருபது வருஷமா கல்வி வேலை பாக்கற அமைப்புங்க இருக்கு, அவங்க பேர்ல ப்ரொபோசல் போட்டு, களத்துல நீங்க வேலை பாக்கற மாதிரி ஒரு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டுக்கலாம். இல்லன்னா சிஎஸ்ஆர் கணக்குல வராத பணம், அதாவது தனி ஆளுங்க, ரோட்டரி லயன்ஸ் கிளப்புங்க, செவ்வாப்பேட்டை லீ பஜார் வியாபாரிங்க, இவங்களுக்கு இந்த மூணு வருஷ கணக்கு கிடையாது. 80ஜி வாங்கிட்டீங்கன்னா, குடுக்கறவங்க புது வரி முறையில இல்லன்னா அவங்களுக்கும் வரில கொஞ்சம் குறையும். ஆனா 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா வாங்குனா அந்தச் சலுகை கிடைக்காது, பேங்க் வழியாவே வாங்குங்க.

சரி, இப்ப எழுத்துக்கு வர்றேன். முதல் ஒன்பது பக்கம் ஐநா சபை, நீடித்த வளர்ச்சி இலக்கு, இந்தியாவுல கல்வியோட நிலைமை. ஏற்காடுங்கற பேரே 14-ஆவது பக்கத்துலதான் வருது. இதப் படிக்கற சிஎஸ்ஆர் ஆபீசர் டேபிள்ல அந்த வாரம் இன்னும் நாப்பது கெடக்கும், நாப்பதுலயும் அதே ஐநா சபை இருக்கும். அப்புறம் "மலைவாழ் மக்களிடையே கல்வி குறித்த விழிப்புணர்வு இல்லாமையால்"னு ஒரு வரி. தம்பி, எஸ்டேட்ல கூலிக்குப் போயி உங்கள டிகிரி வரைக்கும் படிக்க வச்ச உங்க அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லையா? மாடல்ல இருந்து அப்படியே எடுத்துப் போட்டா இப்படித்தான், நம்ம வீட்டாளுங்களயே நாம திட்டி எழுதியிருப்போம், நமக்கே தெரியாது.

ஆனா எனக்கு எழுதுன லெட்டர்ல கடைசியா போற போக்குல ஒண்ணு சொல்லியிருக்கீங்க பாருங்க, பழம் எடுக்கற சீசன்ல பாதி பேரு வர்றதில்ல, வீட்ல சின்னதுங்கள பாத்துக்கணும்னு. அது 32 பக்கத்துல எங்கயுமே இல்ல! அதுதான் முதல் பாராவுல வரணும். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அம்மா அப்பா ரெண்டு பேரும் தோட்டத்துல, பெரிய பிள்ளை வீட்ல தம்பி தங்கச்சியோட. இது தெரிஞ்சவரு எழுதுனா திட்டமே மாறும். அந்த மூணு மாசம் வகுப்பு நேரத்த மாத்துவீங்களா, சின்னதுங்களயும் சென்டருக்கே கூட்டிட்டு வரச் சொல்லி அதுக்கு ஒரு அக்காவ போடுவீங்களா, எதுவோ ஒண்ணு, அந்த முடிவு உங்களுது, சேலத்துல உக்காந்து எழுதறவனுக்கு அது தோணவே தோணாது. உங்க டைம்லைன்ல 12 மாசமும் "வகுப்புகள் நடைபெறும்"னு ஒரே கோடு இழுத்து வச்சிருக்கீங்க.

முதல் பாரா எப்படி இருக்கணும்னா இந்த மாதிரி, எண்ணெல்லாம் சும்மா உதாரணத்துக்குத்தான்: "மூணு ஊர்ல 1-ஆவதுல இருந்து 8-ஆவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க 74 பேர். எங்க மாலை வகுப்புக்கு 60 பேர் வர்றாங்க. ஜூன்ல ஒவ்வொருத்தரையும் தனித்தனியா வாசிக்க வச்சுப் பாத்தோம், 5-ஆவதுக்கு மேல படிக்கிற 26 பேர்ல 11 பேருக்கு 2-ஆவது வகுப்பு தமிழ்ப் பாடத்த தடங்கல் இல்லாம வாசிக்க வரல. நவம்பர்ல இருந்து ஜனவரி வரை வருகை பாதியா குறையுது, காரணம் காப்பி அறுவடை." அஞ்சாறு வரி, அவ்ளோதான். இதுல பெரிய வார்த்தை ஒண்ணு இருக்கா? வாசிக்க வச்சுப் பாக்கறது கஷ்டமில்ல, அசர்னு கிராமத்துப் பிள்ளைங்க வாசிக்கறத பாக்கற சர்வேயில பண்ணுவாங்களே, எழுத்து, வார்த்தை, சின்னப் பத்தி, 2-ஆவது வகுப்புக் கதைன்னு படிப்படியா, அந்த முறையிலயே நீங்களும் பாத்து எழுதி வைங்க. இத ஜூன்ல ஒரு தடவ, மார்ச்ல ஒரு தடவ பண்ணா அதுதான் உங்க ரிசல்ட். "200 நாள் வகுப்பு நடத்தினோம்"ங்கறது நீங்க செஞ்ச வேலை. "11 பேர்ல 8 பேரு இப்ப வாசிக்கறாங்க"ங்கறது அதால நடந்த மாற்றம். பணம் குடுக்கறவங்க ரெண்டாவதத்தான் தேடுவாங்க, முக்கால்வாசி பேரு முதலாவத எழுதி அனுப்பிட்டு காத்திருப்பாங்க.

இப்ப 25 லட்சம். எனக்கு உங்க ப்ரொபோசல்ல பெரிய குறையா தெரிஞ்சது இதுதான். எங்கிருந்து வந்துச்சு 25? மாடல்ல 25 இருந்துச்சு, சரியா? நான் யார் வந்தாலும் சொல்றது, எழுதறதுக்கு முன்னாடி பட்ஜெட்ட போடுங்க. பட்ஜெட் போட உக்காந்தாத்தான் எத்தன டீச்சர், எத்தன நாள், பெட்ரோல் யாரு போடறா, சுண்டல் யாரு வேக வைக்கறான்னு எல்லாக் கேள்வியும் வரும், அதுக்கு பதில் கண்டுபிடிச்சீங்கன்னா ப்ரொபோசல் பாதி எழுதி முடிஞ்ச மாதிரி. உங்களுக்காக நானே போட்டுப் பாத்தேன். மூணு சென்டர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு டீச்சர், மாசம் 5,000, 12 மாசம், ஆக 1,80,000. மூணையும் பாத்துக்க முழு நேரமா ஒருத்தர், மாசம் 15,000, அது ஒரு 1,80,000. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய்க்கு சுண்டலோ பயறோ, 60 பிள்ளை, 220 நாள், 1,32,000. நோட்டு, புத்தகம், சார்ட் எல்லாம் பிள்ளைக்கு 600, ஆக 36,000. மூணு சென்டரயும் பாத்துக்கறவரு மலை மேல சுத்தறதுக்கு பெட்ரோல் மாசம் 2,500, வருஷத்துக்கு 30,000. கணக்கு எழுதவும் ஆடிட்டுக்கும் 25,000. மொத்தம் 5,83,000. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு சுமார் 9,700 ரூபாய். இந்த ஒரு பிள்ளை கணக்க அவங்க கண்டிப்பா போட்டுப் பாப்பாங்க, நீங்களே போட்டுக் குடுத்துருங்க. 25 லட்சத்த 60-ஆல வகுத்துப் பாருங்க, 41,000-த்துக்கு மேல வருது, நல்ல பிரைவேட் ஸ்கூல் பீஸ் மாதிரி. அதுவும் போன வருஷம் மொத்தமே 1,80,000 வரவு இருந்த டிரஸ்ட்டு, அதுல இருந்து ஒரே தாவா 25 லட்சம்னா அவங்களுக்கு பயம் வரும், உங்க மேல சந்தேகம்னு இல்ல, இவ்வளவு பணத்த இந்தப் பசங்களால மேய்க்க முடியுமான்னு.

பக்கம் எத்தனன்னு கேட்டா, முதல்ல ரெண்டு பக்க கான்செப்ட் நோட், அதாவது திட்டச் சுருக்கம், போதும். புடிச்சுருந்தா அவங்களே அவங்க பார்மட்ட அனுப்புவாங்க, அதுல பத்துப் பன்னெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சுருங்க. அப்புறம் "நிதி முடிந்த பின் மக்களே ஏற்று நடத்துவர்"னு ஒரு வரி போட்டிருக்கீங்க. வேண்டாம். யாரும் நம்பறதில்ல. ரெண்டாவது வருஷம் சுண்டல் செலவ எஸ்டேட்காரங்க ஏத்துக்கறதா சொல்லியிருந்தா அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கி வைங்க, அந்த ஒரு லெட்டர் போதும்.

கேள்வி: மேடம், ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் ஆள்கிட்ட பேசினப்ப "அட்மின் செலவு 5 பர்சென்ட்டுக்கு மேல சட்டப்படி குடுக்க முடியாது, சம்பளமெல்லாம் அதுக்குள்ளயே பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டார். எங்க வேலையே ஊர் ஊரா போற நர்ஸ் ரெண்டு பேர நம்பித்தான் இருக்கு, அவங்க சம்பளத்த எங்க காட்டறது?
- வாழப்பாடி வாசகி

பதில்: இது பல வருஷமா ஓடிட்டு இருக்கற குழப்பம், சில கம்பெனிக்காரங்களே தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. அந்த 5 சதவீதம் கம்பெனிக்குப் போட்ட வரம்பு. கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவ நடத்தறதுக்கு ஆகற பொது நிர்வாகச் செலவு, அது அந்த வருஷ மொத்த சிஎஸ்ஆர் செலவுல 5 சதவீதத்த தாண்டக் கூடாதுன்னுதான் 2021-ல திருத்துன விதி சொல்லுது. ஒரு குறிப்பிட்ட ப்ராஜெக்ட்ட வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட ஆகற நேரடிச் செலவு இதுல சேராதுன்னு அதே விதியிலயே இருக்கு. உங்க நர்ஸ் ஊருக்குள்ள போயி ரத்த அழுத்தம் பாக்கறாங்கன்னா அது அட்மின் கிடையாது, அதுதான் ப்ராஜெக்ட்டே.

அதனால பட்ஜெட்ல தலைப்ப கவனமா வைங்க. "சம்பளம்"னு மொத்தமா ஒரு வரி போட்டா அட்மின் மாதிரிதான் தெரியும். "கிராம நர்ஸ் 2 பேர், மாசம் 18,000, 12 மாசம், ஆளுக்கு 6 ஊர், வாரம் ஒரு தடவ"ன்னு வேலையோட சேர்த்து எழுதுங்க. ஆபீஸ் வாடகை, அக்கவுண்டன்ட், கரண்ட் பில் இதெல்லாம் தனியா நிர்வாகச் செலவுன்னு காட்டுங்க, ஒளிக்க வேண்டாம். அந்தப் பக்கம் இருக்கறவரு எங்க கம்பெனி பாலிசியே இதுதான்னு சொன்னா, அது அவங்க இஷ்டம், சட்டம்னு மட்டும் சொல்ல முடியாது. இத நேரா மூஞ்சிக்கு நேரா சொல்லாதீங்க, மெயில்ல விதிய இணைச்சு "உங்க பைனான்ஸ் டீம்கிட்ட ஒரு தடவ காட்ட முடியுமா சார்"னு கேளுங்க. இன்னொரு வரம்பு இருக்கு, அதோட இத போட்டுக் குழப்பிக்காதீங்க: வெளிநாட்டுப் பணம் வாங்கறவங்களுக்கு நிர்வாகச் செலவு 20 சதவீதம்தான், 2020 திருத்தத்துல 50-ல இருந்து குறைச்சாங்க, அது நிஜமாவே நம்ம தலைல விழறது.

கேள்வி: அக்கா, ஒருத்தர் எங்க சங்கத்துக்கு வந்து சென்னைல பெரிய கம்பெனி 50 லட்சம் ரெடியா வச்சிருக்கு, ப்ரொபோசல் நானே எழுதித் தர்றேன், ப்ராசஸிங்குக்கு 40,000 கட்டுங்க, பணம் வந்ததும் 10 பர்சென்ட் குடுத்தா போதும்ங்கறார். விசிட்டிங் கார்டெல்லாம் இருக்கு. நம்பலாமா?
- குகை வாசகர்

பதில்: நம்பாதீங்க. நிதி குடுக்கற எந்த உருப்படியான அமைப்பும் உங்ககிட்ட ப்ராசஸிங் பீஸ் கேக்காது. அந்த 10 பர்சென்ட்ட எந்தக் கணக்குல எழுதுவீங்க, ஆடிட்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க? இதுல இன்னும் மோசமா ஒண்ணு நடக்குது, பணத்த உங்க கணக்குல போட்டு முக்கால்வாசிய ரொக்கமா திருப்பிக் குடுக்கச் சொல்றது. அதுல மாட்டுனா பதிவு போறது மட்டுமில்ல, கேஸ் வேற.

ப்ரொபோசல் எழுதிக் குடுக்கறதுக்கு கூலி வாங்கறவங்க இருக்காங்க, அது தப்பில்ல, பேசின தொகைய பில் போட்டு வாங்கிட்டுப் போவாங்க, பணம் கிடைச்சாலும் கிடைக்காட்டியும். கிடைச்சா பர்சென்ட்டுன்னு பேசறவங்கள வாசலோட அனுப்பிருங்க. ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் இதே கதைதான், தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கோட தர்பன் தளத்துல பதியறது இலவசம், நீங்களே பண்ணலாம். 12ஏ, 80ஜிக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்க அரசாங்கத்துக்குன்னு கட்டணம் கிடையாது, ஆடிட்டர் பாக்கற வேலைக்குத்தான் பீஸ். அத மொதல்லயே கேட்டு வச்சுக்கோங்க.

உங்க ஏரியாவுல நெஜமா யாரு குடுக்கறாங்கன்னு பாக்க புரோக்கர் எதுக்கு? நிகர மதிப்பு 500 கோடி, டர்ன்ஓவர் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல எதாவது ஒண்ண தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணியாகணும். அவங்க சிஎஸ்ஆர் கொள்கை, போர்டு ஒத்துக்கிட்ட ப்ராஜெக்ட் எல்லாத்தயும் வெப்சைட் வச்சிருந்தா அதுல போடணும்னு விதி இருக்கு. சேலத்துல தொழிற்சாலை வச்சிருக்கற கம்பெனிங்க லிஸ்ட் ஒண்ணு எடுங்க, சுத்துவட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சட்டத்துலயே சொல்லியிருக்கு. போன வருஷம் அவங்க கண் ஆஸ்பத்திரிக்கே குடுத்துட்டு இருந்தாங்கன்னா உங்க ஏரி தூர்வார்ற ப்ரொபோசல தூக்கிட்டுப் போறதுல அர்த்தமில்ல.

கேள்வி: எங்க சித்தப்பா பையன் அமெரிக்கால இருக்கான், எங்க டிரஸ்ட்டுக்கு 5 லட்சம் அனுப்பறேங்கறான். எப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வாங்கறதுக்கான பதிவு) எங்களுக்கு இல்ல. வாங்கலாமா?
- அம்மாப்பேட்டை வாசகர்

பதில்: அவரு கைல இருக்கறது எந்த நாட்டு பாஸ்போர்ட்டுன்னு கேளுங்க முதல்ல. இந்தியக் குடிமகனாவே இருந்துட்டு அங்க வேலை பாக்கறாருன்னா, தன் சொந்த சேமிப்புல இருந்து முறையா பேங்க் வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடைன்னு ஆகாது, வாங்கலாம். பாஸ்போர்ட் காப்பி ஒண்ணும், இது என் சொந்தப் பணம்னு ஒரு லெட்டரும் வாங்கி பைல்ல வைங்க. ஆனா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டாருன்னா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்கறது) இருந்தாலும் சரி, நம்ம ஊர்லயே பொறந்து வளந்திருந்தாலும் சரி, அது வெளிநாட்டுப் பணம்தான். எப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு ரூபா வாங்கக் கூடாது. அவரு வேலை பாக்கற கம்பெனி "நீங்க குடுக்கற அளவு நாங்களும் போடறோம்"னு சேர்த்து அனுப்புனா அதுவும் அப்படித்தான்.

பதிவு வாங்கலாமேன்னா, டிரஸ்ட்டுக்கு 3 வயசு ஆகியிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் நோக்கத்துக்காக செலவு பண்ணியிருக்கணும், டெல்லில ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல தனிக் கணக்கு, வருஷா வருஷம் ரிட்டர்ன். ஒரு 5 லட்சத்துக்காக இதெல்லாம் தேவையான்னு யோசிங்க.

கேள்வி: நாங்க மலையில 14 பொம்பளைங்க சேர்ந்த மகளிர் குழு. மிளகு, காப்பி, தேன் வாங்கி பேக்கெட் போட்டு விக்கிறோம். எங்களுக்கும் யாராச்சும் ப்ரொபோசல் எழுதிக் குடுத்தா கிரான்ட் கிடைக்குமா?
- மஞ்சக்குட்டை பக்கத்து வாசகி

பதில்: நீங்க பண்றது வியாபாரம்மா, நல்ல வியாபாரம், அத தர்மம்னு மாத்தி எழுதச் சொல்லி யாராச்சும் ஐடியா குடுத்தா கேக்காதீங்க. லாபத்த பங்கு போட்டுக்கற குழுவுக்கு 80ஜி மாதிரி வழியெல்லாம் பொருந்தாது. உங்களுக்கு வேற கதவு இருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல மகளிர் திட்டம் அலுவலகம் போங்க, சின்ன உணவுத் தொழிலுக்குன்னு மத்திய அரசு 2020-ல ஆரம்பிச்ச திட்டத்துல குழு உறுப்பினர் ஒருத்தருக்கு 40,000 வரைக்கும் தொடக்க மூலதனம், மெஷின் வாங்குனா பேங்க் கடனோட சேர்த்து 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம்னு வச்சிருந்தாங்க, இப்ப எந்த அளவுல விண்ணப்பம் வாங்கறாங்கன்னு அங்கயே கேட்டுக்கோங்க. நபார்டு (விவசாய, கிராம வளர்ச்சி வங்கி) மாவட்ட அதிகாரியையும் ஒரு தடவ பாத்துருங்க, பழங்குடி குடும்பங்களுக்கு பழமரத் தோட்டம் போடற வாடி திட்டம் அவங்களுதுதான், ஆனா அது தனிக் குழுவுக்கு நேரா வராது, ஒரு அமைப்பு மூலமா வட்டாரமா வரும்.

இங்கெல்லாம் கேக்கறது ப்ரொபோசல் இல்ல, ப்ராஜெக்ட் ரிப்போர்ட். அதுல மிளகு கிலோ என்ன விலைக்கு வாங்கறீங்க, காய வச்சா எவ்வளவு குறையுது, பேக்கெட்டுக்கு என்ன ஆகுது, மாசம் எத்தன கிலோ நெஜமா விக்குதுன்னு இருந்தா போதும். அத உங்கள விட யாரும் நல்லா சொல்ல முடியாது. நோட்டுல எழுதிட்டுப் போங்க, மீதிய அங்க பாத்துக்குவாங்க.

கேள்வி: எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. சாட்ஜிபிடில போட்டு எழுதி வாங்கலாமா? கண்டுபிடிச்சுருவாங்களா?
- ஆத்தூர் வாசகர்

பதில்: மொழிய சரி பண்ணித் தரச் சொல்லி வாங்கறதுல எந்தத் தப்பும் இல்ல. மொதல்ல தமிழ்ல, நம்ம பேசற தமிழ்லயே முழுசா எழுதிட்டு, அப்புறம் அதுகிட்ட குடுத்து இங்கிலீஷ் ஆக்கச் சொல்லுங்க. வெறுமனே "ஆத்தூரில் பெண்கள் மேம்பாட்டுக்கு ப்ரொபோசல் எழுது"ன்னு கேட்டா ஆத்தூர எடுத்துட்டு அரியலூர்னு போட்டாலும் பொருந்தற ஒண்ணத்தான் தரும், கூடவே இல்லாத சர்வே, இல்லாத சதவீதம் எல்லாம் அடிச்சு விடும். அதுல ஒண்ண அவங்க சரிபாத்து பொய்னு தெரிஞ்சா போச்சு. எழுதி வந்ததுல ஒவ்வொரு எண்ணையும் தொட்டு இது எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க சொல்லணும், சொல்ல முடியாதத அடிச்சுருங்க. களத்த பாக்க ஆளு வரும்போது நீங்கதான் பேசப் போறீங்க, அங்க சாட்ஜிபிடி வராது.

கேள்வி: டிரஸ்ட்ல அப்பா தலைவர், நான் செயலாளர், வீட்டுக்காரம்மா பொருளாளர், மச்சான் உறுப்பினர். இது ஒரு பிரச்சனையா மேடம்?
- சூரமங்கலம் வாசகர்

பதில்: ரிஜிஸ்டர் பண்ண தடையில்ல. ஆனா உங்ககிட்ட வர்ற முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். செக்குல கையெழுத்து போடற ரெண்டு பேரும் ஒரே வீட்ல தூங்கறவங்கன்னா யாருங்க பணம் போடுவா? வெளியாளுங்க மூணு பேர, ஒரு ரிட்டையர்டு டீச்சர், நீங்க வேலை பாக்கற ஊர்ல இருந்தே ஒருத்தர்னு உள்ள கொண்டு வாங்க, பொருளாளர மாத்துங்க. அப்புறம் சொந்தக்காரங்களுக்கு டிரஸ்ட்ல இருந்து சம்பளமோ வாடகையோ போகுதுன்னா அது அவங்க வேலைக்கு நியாயமான தொகைதான்னு காட்டணும், இல்லன்னா வருமான வரிலயே சிக்கல்.

கேள்வி: அனுப்பி நாலு மாசம் ஆச்சு, பதிலே இல்ல. திரும்ப போன் பண்ணா கோவிச்சுக்குவாங்களா?
- ஓமலூர் வாசகி

பதில்: கோவிச்சுக்க மாட்டாங்க, ஒரு மெயில் போடுங்க, ரெண்டே வரி. நீங்க எந்த மாசம் அனுப்புனீங்கன்னு எழுதல, அதுல விஷயம் இருக்கு. கம்பெனி சிஎஸ்ஆர் கமிட்டி அந்த வருஷத்துக்கான செயல்திட்டத்த போட்டு போர்டுல ஒப்புதல் வாங்கும், ஏப்ரல்ல இருந்து கணக்கு. அது முடிஞ்சப்புறம் ஜூலை ஆகஸ்ட்ல போனா பிரியமா பேசுவாங்க, பணம் இருக்காது. ஜனவரி பிப்ரவரில பேச்சு ஆரம்பிச்சா அடுத்த வருஷத் திட்டத்துல நுழைய வாய்ப்பு இருக்கு. வருஷ முடிவுல செலவாகாம நிக்கற பணத்த சட்டப்படி ஒதுக்கப்பட்ட நிதிக்கோ தனிக் கணக்குக்கோ மாத்தியாகணும், அதனால மார்ச் நெருங்கும்போது திடீர்னு போன் வரும், "மேடம் ரெடியா இருக்கற ப்ராஜெக்ட் எதாச்சும்?"னு. அப்ப உங்க கைல 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1, பான், மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட், எல்லாம் ஒரே போல்டர்ல இருந்தா அன்னிக்கே அனுப்பலாம். தேட ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்.

கேள்வி: போன வருஷ ப்ராஜெக்ட்ல மலை மேல சாமான் ஏத்த ஜீப் வாடகை நிறைய ஆச்சு, ஜீப்காரர் பில் தர மாட்டேங்கறார். சந்தைல வாங்குன பயறுக்கும் பில் இல்ல. ஆடிட்டர் திட்டறார்.
- ஏற்காடு வாசகர்

பதில்: பில் இல்லாத இடத்துல வவுச்சர் போடுங்க, ஆனா முழுசா போடுங்க. தேதி, ஜீப்காரர் பேரு, போன் நம்பர், வண்டி நம்பர், எங்கிருந்து எங்க, என்ன சாமான், எவ்வளவு, அவரு கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேலன்னா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும். ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000-த்துக்கு மேல ரொக்கமா குடுக்காதீங்க, அது செலவுக் கணக்குல நிக்காது, ஜிபேல போட்டுருங்க, இப்ப ஜீப்காரங்க எல்லாரும் அட்டை தொங்க விட்டுருக்காங்களே. பயறுக்கு, சந்தையன்னிக்கு வாங்குனத அன்னிக்கே எடையோட எழுதி, கூட வந்த இன்னொருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிருங்க. வருஷக் கடைசில உக்காந்து ஒரே பேனாவுல ஒரே கையெழுத்துல 40 வவுச்சர் எழுதறது மட்டும் வேண்டாம், எந்த ஆடிட்டரும் பாத்ததும் கண்டுபிடிச்சுருவார். அடுத்த ப்ரொபோசல்ல ஜீப் வாடகைக்கு தனி வரி போடுங்க, ஒரு நடைக்கு என்ன ரேட்டுன்னு ரெண்டு மூணு டிரைவர்கிட்ட இப்பவே விசாரிச்சு வைங்க.